உறிஞ்சக் கூடாது

ஞானப்பல் என்று அதற்குப் பெயர் வைத்த புண்ணியவான் என் கையில் கிடைத்தால் நன்றாக நாலு கேள்வி கேட்பேன். கடைவாயில் கோணலாக முளைத்து, பக்கத்துப் பல்லை முட்டி, கன்னத்தை வீங்க வைத்ததில் எனக்கு எந்த ஞானமும் வரவில்லை. அதுவும் நேரம் பார்த்து வந்தது. எங்கள் தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கும் மேசைக்கு ஆள் எடுக்கப் பரீட்சை வைக்கப் போகிறோம் என்று சொன்ன வாரத்தில்தான் வீங்கித் தொலைத்தது.

நான் அங்கே பெட்டி ஒட்டச் சேர்ந்தவள். தூளை நிரப்பி, மூடி, டேப் ஒட்டி அடுக்க வேண்டும். ஜன்னலே இல்லாத கூடம். தும்மித் தும்மியே ஷிப்ட் முடியும். ஒரு நாள் ஒரு மூட்டையைப் பிரித்ததும் மண்ணெண்ணெய் வாடை வருகிறது என்றேன். யாரும் நம்பவில்லை. தலைமை ருசியாளர் வந்து பார்த்துவிட்டு, நான் சொன்னதுதான் சரி என்று என்னைத் தன் மேசைக்குப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார். கூடவே இன்னொருவன், ஒல்லி என்று கூப்பிடுவோம். இடம் ஒன்று, ஆள் இரண்டு. தோற்றவர் பழைய வேலைக்கே போக வேண்டும். அந்தக் கூடத்தை நினைத்தாலே எனக்குத் தும்மல் வந்தது.

ருசி பார்க்கிறவர்கள் டீயைக் குடிப்பதில்லை. கரண்டியில் மொண்டு, உதட்டருகே வைத்து, சர்ரென்று ஒரே உறிஞ்சு. டீ தூறலாகச் சிதறி வாய் முழுக்கப் பட வேண்டும். நாக்கில் புரட்டிவிட்டுத் தொட்டியில் துப்ப வேண்டும். பழகிவிட்டால் வீட்டிலும் அப்படித்தான் வரும். மானம் போகிறது என்று அக்கா என்னோடு ஹோட்டலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

அந்த மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. சளி பிடித்தாலோ, வாயில் புண் வந்தாலோ அன்று மேசைப் பக்கம் வரக் கூடாது. வெளியே நின்று சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கெட்டுப்போன வாய் கெட்டுப்போன சரக்கை நல்லது என்று சொல்லிவிடும் என்பார் தலைமை ருசியாளர். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் பல் பிடுங்கப் போவதை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் ஒல்லியை உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். ஊருக்குப் போகிறேன் என்று லீவு போட்டேன்.

பல் டாக்டர் தன்மையான மனிதர். பிடுங்கிய இடத்தில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கும், எலும்புக்கும் நரம்புக்கும் அதுதான் மூடி, அது பெயர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சூடாக எதுவும் கூடாது, ஸ்ட்ரா கூடாது, உறிஞ்சக் கூடாது, காறித் துப்பக் கூடாது. மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீரை வாயில் வைத்துத் தலையைச் சாய்த்து, அதைத் தானாக வழிய விட வேண்டும். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றும் கேட்டார். கம்பெனியில் என்றேன், பஞ்சைக் கடித்தபடியே. அதற்கு மேல் சொல்ல வாயும் வரவில்லை, மனசும் வரவில்லை.

அக்கா என்னைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். கன்னத்துக்குத் துணியில் சுற்றிய ஐஸ், தலைக்கு இரண்டு தலையணை, தட்டில் மசித்த உருளைக்கிழங்கு. வலி குறைந்தது, வீக்கமும் வடிந்தது. எனக்குத் துளிர் விட்டுவிட்டது. அக்கா கடைக்குப் போன நேரத்தில், பயிற்சிக்குக் கொண்டுவந்திருந்த தூளை எடுத்துக் கிண்ணம் கிண்ணமாகப் போட்டேன். சூடு கூடாது என்றார் அல்லவா, அதனால் நன்றாக ஆற வைத்தேன். அவ்வளவு ஜாக்கிரதை! ஆறின டீயைக் கரண்டியில் மொண்டு, சர்ரென்று உறிஞ்சினேன். கை அதுவாகப் போனது, வாயும் அதுவாகப் போனது. நாக்கில் வழவழவென்று ஏதோ பட்டது. துப்பினேன். கறுப்பாகச் சின்னதாக ஒன்று கழுவுதொட்டியில் கிடந்தது. சனியன் விட்டது என்று தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

சனியன் அப்போதுதான் பிடித்தது. மறுநாள் தொடங்கிய வலி தாடையில் நிற்கவில்லை. காதுக்குள் ஏறி நெற்றிப்பொட்டில் இடித்தது. மூச்சை இழுத்தால்கூடக் காற்று பட்டு உயிர் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்பார்களே, எனக்கு அந்த வழியும் இல்லை. வலியை விடக் கொடுமை அந்த நாற்றம். குடிக்கிற தண்ணீரில், விழுங்குகிற எச்சிலில், எல்லாவற்றிலும் ஏதோ செத்துக் கிடக்கிற மாதிரி ஒரு ருசி. விடிந்தால் பரீட்சை. நான் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

அக்கா என்னை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். கட்டி பெயர்ந்துவிட்டது, எலும்பு திறந்து கிடக்கிறது என்றார். குழியைக் கழுவினார். மருந்து வைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் வலி அடங்கிவிடும் என்று ஒரு குப்பியைத் திறந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிராம்பு எண்ணெய்.

அதன் ருசி எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டேன். அந்த மருந்து வாயில் இருக்கிற வரைக்கும் இருக்கும் என்றார். நாற்காலியை விட்டு இறங்கிவிட்டேன். மாத்திரை போதும், நாளைக்கு ஒரு முக்கியமான வேலை இருக்கிறது என்றேன். டாக்டர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அக்காவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"செத்துப்போற மாதிரி கத்தறே, மருந்து வேணாங்கறே. உனக்குப் பைத்தியமாடீ?"

"நாளைக்கு ஒரு நாள்க்கா. நாக்கு இல்லாம நான் என்னத்தப் போயி உக்காருவேன்?"

பரீட்சை அறையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. ஒல்லி முன்னமே முடித்துவிட்டு வெளியே போயிருந்தான். ஒவ்வொரு உறிஞ்சுக்கும் கண்ணில் பூச்சி பறந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இது தீய்ந்தது, இது பழசு, இது நல்ல சரக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தலைமை ருசியாளர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை, ஆனால் சரியாகத்தான் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. வலியோடு வலியாக ஒரு சந்தோஷம்கூட வந்தது.

கடைசிக்கு முந்தின கிண்ணம். உறிஞ்சினேன். அடித் தொண்டையில் ஏதோ மக்கிய மாதிரி ஒரு வாடை. பூசணமா? மறுபடி உறிஞ்சினேன். இருந்தது. ஆனால் அது காலையில் குடித்த தண்ணீரிலும் இருந்ததே! பல் விளக்கும்போதும் இருந்ததே! இது கிண்ணமா, என் குழியா? நல்ல சரக்கைப் பூசணம் என்று சொல்லித் தொலைத்தால் என் வாயின் லட்சணம் அங்கேயே தெரிந்துவிடும்.

"இது சுத்தம் சார்."

"யோசிச்சுச் சொல்றியாம்மா?"

"சுத்தம் சார்."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அது மழையில் நனைந்த மூட்டையாம். மற்றதெல்லாம் சரி, ஒல்லியை விட நன்றாகவே சொன்னேனாம். ஆனால் பூசணத்தைத் தவற விடுகிறவரை மேசையில் உட்கார வைக்க முடியாது என்றார். எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. பல் பிடுங்கின குழியைக் காட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எனக்கு அந்த வாடை தெரிந்தது, என் வாய் நாற்றம் என்று நினைத்துவிட்டேன் என்று கெஞ்சினேன். அவர் அந்தக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"வாசல்ல நின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா பரீட்சையவே தள்ளி வச்சிருப்பேனேம்மா. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்."

அக்கா வாசலில் காத்திருந்தாள். முகத்தைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நேராக டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் குழியைக் கழுவினார், குப்பியைத் திறந்தார், நேற்று வேண்டாம் என்றீர்களே, இன்று வைக்கலாமா என்று தயங்கினார். வாயைத் திறந்து காட்டினேன்.

கிராம்பு நாக்கெல்லாம் பரவியது. அவர் சொன்ன மாதிரியே வலி மெல்ல மெல்ல அடங்கியது. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே பழைய பாட்டைத் தொடங்கினார்.

"இந்தத் தடவையாவது உறிஞ்சாம இருங்க. முடியுமில்ல?"

"முடியும் டாக்டர்," என்றேன். "நாளையிலருந்து பெட்டி ஒட்டற வேலதான்."