மூடியிருந்த கத்தி

“கத்தி ஒண்ணு. மடக்குக் கத்தி. மூடியிருக்கு,” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார் பிணவறைக் குமாஸ்தா. பெல்ட், சாவிக்கொத்து, ஈரம் காயாத பர்ஸ், கடைசியாக அது. தட்டை இறந்தவரின் மகள் பக்கம் தள்ளினார்.

“மூடியிருக்குன்னு எதுக்கு எழுதுறீங்க?” என்றாள் மகள்.

“எடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படித்தாம்மா எழுதணும். இடது கையில இறுக்கிப் பிடிச்சிருந்தார். விரலப் பிரிக்கவே ரெண்டு பேர் தேவைப்பட்டுச்சு.”

அப்பா துறைமுகத்தில், வந்து நிற்கிற கப்பல்களைக் கயிறு போட்டுக் கட்டுகிறவர். முப்பத்தோரு வருஷம் அதே வேலை. முந்தாநாள் காலையில் கயிறு வலது கையைச் சுற்றி இழுத்து அவரைத் தண்ணீருக்குள் கொண்டுபோனது. கயிற்றை இழுக்கும் விஞ்சை நிறுத்தி, ஆள் இறங்கித் தூக்குவதற்கு ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது. ஐந்து நிமிஷமும் அவருடைய இடது கை சும்மாதான் இருந்திருக்கிறது. அதில் கத்தியும் இருந்திருக்கிறது.

அதைத்தான் பாதுகாப்பு அதிகாரி நேற்றுப் போனில் சொன்னார். “கையில கத்தி இருந்தும் அறுக்கல. பதட்டத்துல கை ஓடியிருக்காது. அறிக்கையில அப்படித்தான் எழுதியிருக்கோம். குடும்பத்துல யாராவது படிச்சுட்டுக் கையெழுத்துப் போடணும்.”

“எங்கப்பா பதட்டப்படுற ஆள் இல்ல. அந்த வரி இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“அப்ப என்ன நடந்துதுன்னு நீங்களே சொல்லுங்கம்மா. அப்படியே எழுதிக்கிறேன்.”

“சொல்றேன். நாளைக்கு.”

அவள் சொன்னால் சொன்னதுதான். ஒரு பெரிய அலுவலகத்தில் கொள்முதல் பிரிவே அவள் கையில் இருந்தது. ஊசி வாங்கினாலும் உரசிப் பார்த்து வாங்குகிறவள். முப்பத்தோரு வருஷம் கயிற்றோடு மல்லுக்கட்டிய மனிதனைப் பயந்து செத்தான் என்று எவனோ ஒருவன் எழுதுவதை அவளால் தாங்க முடியவில்லை.

அந்தக் கத்தியை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். போன வருஷம் அப்பாவின் சட்டைகளைத் துவைக்கப் போட்டபோது, பிடியில் டேப் சுற்றிய ஒரு துருப்பிடித்த சனியன் பாக்கெட்டிலிருந்து விழுந்தது. “இத வச்சுக்கிட்டா வேலை பார்க்கிறீங்க?” என்று அப்போதே குப்பையில் போட்டாள். பிறகு பதினைந்து நாள் தேடினாள். உப்புத்தண்ணீரில் துருப்பிடிக்காத இரும்பு வேண்டும். தடிமனான அலகு வேண்டும். வழுக்காத பிடி வேண்டும். அறுக்கும்போது மடங்கி விரலை நறுக்காதபடி பூட்டு வேண்டும். நாள் முழுக்கப் பாக்கெட்டில் கிடந்தாலும் குத்தக் கூடாது. கடைசியில் ஐந்து கத்திகளைக் கடை மேஜையில் வரிசையாக வைத்து, எடை பார்த்து, கயிற்றுத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாலும் அறுத்துப் பார்த்தாள். கடைக்காரர் மிரண்டுபோனார்.

“இதுல அலகுல ஒரு பக்கம் மட்டும்தான் குமிழ் இருக்கு. கட்டைவிரலால தள்ளினா ஒரே கையில திறந்துடலாம். எந்தக் கைப் பழக்கம்?” என்று கேட்டார்.

“வலது,” என்றாள். யோசிக்கக்கூட இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அப்பா கத்தியை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, “பலமா இருக்கு,” என்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள், “கத்தி எங்கப்பா?” என்பாள். அவர் பாக்கெட்டைத் தட்டிக் காட்டுவார்.

மதியம் அஞ்சலிக் கூடத்தில் மலர்வளையங்கள் வந்து சேர்ந்தன. அதில் ஒன்றின் ரிப்பனைப் படித்ததும் அவளுக்கு ரத்தம் கொதித்தது. ‘எங்கள் பீச்சாங்கைக்கு. மூன்றாம் மேடைக் கூட்டாளிகள்.’

“யார் இத எழுதினது? சாவுலயுமா கிண்டல்?”

விஞ்ச் ஓட்டுகிறவர் எழுந்து வந்தார். அப்பாவோடு இருபது வருஷம் வேலை பார்த்தவர். “கிண்டல் இல்லம்மா. அவரை நாங்க கூப்பிடுறதே அப்படித்தான். கயிறு, கொக்கி, சுத்தி, எல்லாமே அவருக்கு இடது கைதானே. உனக்குத் தெரியாதா?”

“எங்கப்பா வலது கையிலதான் எழுதுவார். வலது கையிலதான் சாப்பிடுவார்.”

அவர் அவளுடைய அம்மாவைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா, தலையைத் தூக்காமலே பேசினாள்.

“அது ரெண்டு மட்டும்தான் வலது. சின்ன வயசுல அவங்கப்பா இடது கைய முதுகுப்பக்கம் கட்டிப்போட்டுப் பழக்கினது. அவர் வேலை செஞ்சு நீ எப்பப் பார்த்த?”

மகள் பையிலிருந்து கத்தியை எடுத்தாள். இடது கையில் பிடித்தாள். குமிழ் மறுபக்கம் இருந்தது. விரலை வளைத்துக் குமிழை எட்ட முயன்றாள். அலகு அரை அங்குலம் கிளம்பித் திரும்பவும் உள்ளே போனது. மறுபடி முயன்றாள். மூன்றாவது முறை கத்தி கீழே விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

“ரெண்டு கையும் இருந்தா திறந்துடுவார்,” என்றார் விஞ்ச் ஓட்டுகிறவர். “டீ குடிக்கிற நேரமெல்லாம் இடது கையால பழகிப் பார்ப்பார். படியல. அவசரம்னா என் கத்தியத்தான் வாங்கிப்பார். முந்தாநாள் நான் மேல விஞ்சுல நின்னுட்டேன்.”

“என்கிட்ட ஏம்மா சொல்லல?” என்றாள் மகள்.

“மாத்தித் தரச் சொல்லுங்கன்னு நான் அவர்கிட்டச் சொன்னேன். ‘பதினஞ்சு நாள் அலைஞ்சு வாங்கியிருக்கா, நீ சும்மா இரு’ன்னுட்டார்.” அம்மா கைப்பையின் வாரை இழுத்துவிட்டாள். “உன்கிட்ட எதைத்தான் தப்புன்னு சொல்ல முடிஞ்சுது, நாங்க?”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். அவள் அதைப் பதினைந்து நாள் தேடி, ஐந்தில் சிறந்ததாகப் பார்த்து வாங்கியிருக்கிறாள். அப்பா பதட்டப்படவில்லை. தண்ணீருக்கடியில் பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுக்கிற அளவுக்கு நிதானமாக இருந்திருக்கிறார். மகள் வாங்கிக் கொடுத்ததை, மூச்சு இருக்கிற வரைக்கும் திறக்கப் பார்த்திருக்கிறார்.

அதிகாரி மூன்று மணிக்கு வந்தார். மலர்வளையத்தை வைத்து, தலைகுனிந்து நின்று, பிறகு ஃபைலோடு அவளிடம் வந்தார். “நேத்து ஏதோ சொல்றேன்னீங்களேம்மா. சொல்லுங்க, திருத்திடுறேன். நாலு வார்த்தைதான், ஒண்ணும் அவசரமில்ல.”

நாலு வார்த்தை போதும். அவளுக்கு அது நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் எழுதுவார்கள். எழுதினால் துறைமுகம் முழுக்கப் படிக்கும். சித்தப்பா படிப்பார். அலுவலகத்தில் யாராவது படிப்பார்கள். எந்தக் கை என்று அப்பனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியாதவள் என்பார்கள். அவளுக்குப் பயமாக இருந்தது.

விஞ்ச் ஓட்டுகிறவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இப்போது தலையைத் தூக்கி அவளையே பார்த்தாள்.

“சொல்ல ஒண்ணுமில்ல சார்,” என்றாள் மகள். “நீங்க எழுதினதே இருக்கட்டும்.”

“படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க.”

படித்தாள். அந்த வரி இரண்டாம் பக்கத்தில் இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதினாள். அதிகாரி, “தைரியமா இருங்கம்மா,” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவள் உட்காருவதற்காக அம்மாவின் பக்கம் வந்தாள். அம்மா மடியிலிருந்த கைப்பையை எடுத்து, பக்கத்தில் காலியாக இருந்த ஒரே நாற்காலியில் வைத்தாள்.