ஓடுகிற லேபிள்

மூக்கம்மாள் கைடின் பின் அட்டையில் இரட்டைச் சடையும் பச்சைத் தாவணியுமாகச் சிரிக்கிறவள் நான்தான். 'எங்கள் நூலைப் படித்துப் பள்ளியில் முதலிடம் பெற்ற செல்வி எழில், நாரணாபுரம்' என்று கீழே போட்டிருக்கும். பேரும் ஊரும் முதலிடமும் உண்மை. நூலைப் படித்தேன் என்பது மட்டும் பச்சைப் பொய்.

கைடு வாங்க எங்கள் வீட்டில் வழியில்லை. பாடப் புத்தகத்தையே உருப்போட்டு பிளஸ் டூ எழுதினேன். 2004-இல் ரிசல்ட் வந்ததும் கைடு கம்பெனி முதலாளி முத்துராமலிங்கம் சால்வை, மாலை, போட்டோகிராபர் சகிதம் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். ஒரு கைடை என் கையில் கொடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார்கள். அந்தப் புத்தகத்தை நான் தொட்டதே அன்றைக்குத்தான். படம் எடுத்து முடிந்ததும் அடுத்த பள்ளிக்கூடத்துக்கு வேண்டும் என்று திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

"முருகம்மா, பிள்ளைய காலேஜ்ல சேக்குறது என் பொறுப்பு. நீ கவலைய விடு" என்று ஹெட்மாஸ்டர் முன்னாலேயே முதலாளி என் அம்மாவிடம் சொன்னார். அப்பா சீனிச்சாமி பட்டாசு ஆலையில் இரண்டு கையும் வெந்து வீட்டோடு கிடந்த சமயம் அது. அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். விருதுநகர் காலேஜில் கணக்குப் படிப்புக்கு இடமும் கிடைத்தது. காலேஜிலிருந்து வந்த அட்மிஷன் கார்டை எடுத்துக்கொண்டு அம்மாவும் நானும் கம்பெனிக்கு ஓடினோம்.

"இப்பத்தான் புது மெஷின் எறக்கியிருக்கேன். அடுத்த வருசம் கண்டிப்பா சேத்துருவோம். அதுவரைக்கும் பிள்ள சும்மாவா இருக்கும்? நம்ம பைண்டிங்ல வந்து உக்காரட்டும்" என்றார்.

உட்கார்ந்தேன். அட்டை ஒட்டுகிற வேலை கொடுத்தார்கள். பசை தடவி, என் மூஞ்சியை நானே ஒட்டினேன்.

கம்பெனி வளர்ந்த வேகத்தைச் சொல்லத்தான் வேண்டும். நான் போனபோது ஒரு தகரக் கொட்டகைதான். முதலாளி தன் தாயார் பேரைக் கைடுக்கு வைத்ததைக் கேட்டுக் கடைக்காரர்கள் சிரித்தார்களாம். அவர் அசரவில்லை. வாத்தியார்களுக்கெல்லாம் இனாமாக ஆளுக்கொரு பிரதி அனுப்பினார். அவர்கள் வகுப்பில் "மூக்கம்மாள் வாங்கிட்டு வாங்க" என்றார்கள், பிள்ளைகள் வாங்கினார்கள். சேலத்துக்கும் கோயம்புத்தூருக்கும் லோடு போனது. கொட்டகை இருந்த இடத்தில் மாடி எழும்பியது. பிறகு மல்டிமீடியா என்று சி.டி. போட்டார்கள், அதன் உறையிலும் நான் சிரித்தேன். என் காலேஜ் மட்டும் 'அடுத்த வருசம்' என்ற பேச்சிலேயே நின்றது. கேட்டுக் கேட்டு அம்மாவுக்கு வாய் வலித்து, ஒரு ஜூனில் கேட்பதையே விட்டுவிட்டாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "படிக்கத்தான் வைக்கல, என் படத்தையாவது எடுத்துருங்க மொதலாளி" என்று போய் நின்றேன்.

அவர் கோபப்படவில்லை. கைடுக்கு வருமுன் தீப்பெட்டி லேபிள் அச்சடித்தவர்.

"ஓடுற லேபிள எவனாச்சும் மாத்துவானா தாயி? மயில் லேபிள்ல தோகைக்கு ஒரு கலரு மாத்துனதுக்கு, வடக்க போன லோடு அப்படியே திரும்பி வந்திருக்கு. ஒன் மூஞ்சி ராசியான மூஞ்சி. அது கெடக்கட்டும்."

அவர் கணக்கில் நான் மயில். போய்ப் பசை வாளியின் முன்னால் உட்கார்ந்தேன்.

போன சீசனில் எம். புதுப்பட்டியிலிருந்து பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிற ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு நேரே கம்பெனிக்கே வந்தாள். வேல்விழி என்று அந்தப் பிள்ளைக்குப் பேர். பிளஸ் டூ போகிறது. அந்தம்மா கைடைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ள இப்ப எங்கன இருக்கு மொதலாளி?" என்று கேட்டாள்.

"மெட்ராஸ்ல டாக்டருக்குப் படிக்கு. எல்லாம் நம்ம புத்தகம் படிச்சதுதான்" என்றார். இத்தனைக்கும் நான் நாலு அடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன்.

வேல்விழி அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள். "யம்மா, இந்தக்கா அதே சாயல்ல இருக்காக."

"இந்தப் பக்கத்துப் பிள்ளைக எல்லாம் ஒரே சாயல்தான்" என்று முதலாளி சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றேன். "நாந்தாங்க்கா அது. டாக்டருமில்ல, ஒண்ணுமில்ல. காலேஜ் வாசலக்கூட மிதிக்கல. இந்தக் கைடயும் நான் படிக்கல. படிக்க வைக்கேன்னு சொல்லி இங்கன கொண்டாந்து ஒக்கார வச்சுட்டாக."

பைண்டிங்கில் அத்தனை கையும் நின்றது. முதலாளி முகம் கறுத்தது. வேலை போனது என்று நினைத்தேன், போகட்டும் என்றும் நினைத்தேன். இந்தப் பிள்ளையாவது தப்பித்தால் போதும்.

அந்தம்மா என் பக்கத்தில் வந்தாள். கைவிரலில் மருந்துப்பொடி படிந்து வெள்ளி நிறமாக இருந்தது. என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். தலைக்குமேல் ஓடிய காத்தாடியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு முதலாளியிடம் திரும்பினாள்.

"அப்ப நல்ல மார்க் எடுத்தா எம் மகளுக்கும் இங்கன வேல போட்டுக் குடுப்பீகளா மொதலாளி? நெழல்ல, காத்தாடிக்குக் கீழ. வெடிக்குமோன்னு பயந்து சாக வேண்டாம்லா."

முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஏன் குடுக்காம? பிள்ள மொதல்ல நல்லாப் படிக்கட்டும்" என்றார். எல்லாப் பாடத்துக்கும் கைடை எடுத்து மேஜையில் அடுக்கினார். என்மேல் அவருக்குக் கோபமே இல்லை. "பாத்தியா தாயி, உண்மையச் சொன்னாலும் ஓடுது" என்று என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

அந்தம்மா கைடுகளைத் தன் கையில் வாங்கவில்லை. "ஒன் கையால எம் மகட்ட எடுத்துக் குடு தாயி. ராசியான கையி" என்றாள். நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எடுத்துக் கொடுத்தேன்.

வேல்விழி அவற்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முதலாளியைப் பார்த்துச் சிரித்தாள்.