மூணு ஜோடி, ஒரு ஒத்தை

மிஸ் மேஜைமேல் ஏழு பென்சில்களைப் பரப்பி, "எத்தனை இருக்கு?" என்று கேட்டாள். ஐந்து வயதுப் பட்டாணி யோசிக்கவே இல்லை.

"மூணு ஜோடி, ஒரு ஒத்தை."

மிஸ் படிவத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அதைத் தன் நெற்றியிலேயே போட்ட மாதிரி இருந்தது.

"அது ஏழுதானே மிஸ்?"

"ஏழுன்னு அவ சொல்லலையேம்மா. எண்ணத் தெரியல. இன்னும் ஒரு வருஷம் மழலை வகுப்புலயே இருக்கட்டும்."

கூடப் படித்த பிள்ளைகளெல்லாம் ஒண்ணாம் வகுப்புக்குப் போக, இவள் மட்டும் மூக்கொழுகும் குழந்தைகளோடு இன்னொரு வருஷம்! அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புறப்படும்போதே கணவர் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி எச்சரித்திருந்தார்: "மிஸ்கிட்ட மல்லுக்கு நிக்காத. உன் வாய் இருக்கே, அதை இங்கயே மடிச்சு வச்சிட்டுப் போ." அம்மாவும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள்.

அவர்கள் வைத்திருப்பது லாண்டரிக் கடை. பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் பட்டாணி இரண்டு வயதிலிருந்தே துணிக் குவியலுக்கு நடுவில்தான் வளர்ந்தாள். அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு வேலை நடக்குமா? வேலையையே விளையாட்டாக்கிவிட்டாள் அம்மா. வெள்ளை ஒரு கூடை, கலர் ஒரு கூடை. யார் முதலில் பிரிப்பது என்று போட்டி. போர்வையை மடித்தால் பாதி, இன்னொரு மடிப்பில் கால். சட்டையில் பட்டன் குறைந்தால் கண்டுபிடித்தவருக்கு ஒரு முத்தம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விளையாட்டு சாக்ஸ். நர்ஸ் விடுதியிலிருந்து மூட்டையாக வரும். சாக்ஸை யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. ஏழு என்று எழுதிக் கொடுத்தால் ஒன்று தொலைந்தது யாருக்கு உறைக்கும்? மூணு ஜோடி, ஒரு ஒத்தை என்று சொன்னால்தான் தேடத் தோன்றும். பட்டாணிக்குக் கணக்கு என்றால் அதுதான்.

"இன்னும் நிறைய வைங்க மிஸ்" என்றாள் அம்மா. மடித்து வைத்த வாய் எப்போதோ பிரிந்துவிட்டிருந்தது.

மிஸ் சலிப்போடு ஒரு கிரேயான் டப்பாவைக் கவிழ்த்தாள். பட்டாணி இரண்டு கையாலும் இரண்டிரண்டாக ஒதுக்கினாள்.

"பதினோரு ஜோடி, ஒரு ஒத்தை. இதோட ஜோடி எங்க மிஸ்?"

மிஸ் விரல் வைத்து எண்ணினாள். இருபத்திரண்டு வந்தது. சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினாள், இருபத்து மூன்று. டப்பாவில் இருபத்து நான்கு என்று அச்சடித்திருந்தது. அதற்குள் பட்டாணி மேஜைக்கடியில் புகுந்து, நாற்காலிக் காலருகே உருண்டு கிடந்த பச்சைக் கிரேயானை எடுத்து வந்து ஒத்தைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மிஸ் முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் கை படிவத்தைத்தான் நகர்த்தியது. "கெட்டிக்காரிதான்மா. ஆனா படிவம் நிரப்பியாச்சே. கையெழுத்துப் போடுங்க."

அம்மா படித்துப் பார்த்தாள். கடைசி வரி: "வீட்டில் கற்கும் சூழல் இல்லை."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருஷமாகச் சோப்பு நுரைக்கும் நீராவிக்கும் நடுவே தொண்டை வறளக் கதை சொன்னதும் போட்டி வைத்ததும் எந்தக் கணக்கில் சேரும்? பேனாவை வாங்கினாள். 'இல்லை'யை அடித்தாள். மேலே கொட்டை எழுத்தில் 'உண்டு' என்று எழுதி, அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

"என்னம்மா இது? பள்ளிக்கூடத்துப் படிவத்தை நீங்க திருத்தலாமா?"

"என் பிள்ளையையே நீங்க திருத்துறீங்க. நான் ஒரு வார்த்தையைத் திருத்தக் கூடாதா?"

மிஸ் படிவத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அடித்தல் விழுந்த படிவம் செல்லாது. புதுப் படிவம் அலமாரியில் கட்டாக இருந்தது. அவள் எழுந்து போய் எடுக்கவில்லை. பழையதை நான்காக மடித்து இழுப்பறைக்குள் தள்ளினாள்.

"சரி, ஒண்ணாம் வகுப்புல விடுங்க. ஆனா ஏழை ஏழுன்னு சொல்லக் கத்துக்குடுங்க."

அம்மா பட்டாணியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அதை நீங்க கத்துக்குடுங்க மிஸ். ஏதாவது ஒண்ணாவது உங்களுக்கு மிச்சம் வைக்கணும்ல?"