நூற்றுமுப்பதாவது அடியில் தண்ணீர்

புதூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், கைவிடப்பட்ட ஊராட்சி போர்வெல்லைப் பரிசோதிக்க ஷாஹினா வந்திருந்தாள். ஆழ்துளைக் கிணறுகளுக்குள் கருவியை இறக்கி, எந்த ஆழத்தில் என்ன பாறை, எங்கே வெடிப்பு, எங்கே நீர் என்று பதிவு செய்வது அவள் வேலை. நானூறு அடி, நான்கு வருடமாக வறண்டது என்றது பதிவேடு.

மூடியைத் திறந்துவிட்டவர் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் சோலைச்சாமி.

"உள்ள ஒண்ணும் கிடையாது மேடம். வெயில்ல எதுக்கு நிக்குதீங்க? வேற போர் பாருங்க."

ஷாஹினா வழக்கம்போல் முதலில் கேமராவை இறக்கினாள். திரையில் இரும்புக் குழாய் முடிந்து சாம்பல்நிறப் பாறை தொடங்கியது. நூற்றுமுப்பதாவது அடியில் தண்ணீர் தெரிந்தது. இருநூற்றுப் பத்தில் கேமரா எதிலோ முட்டி நின்றது. வெளிச்சத்தைக் கூட்டினாள். பாறையில் சிக்கிக் கிடந்த மோட்டார் ஒன்று, அதன் மேல் அறுந்த கயிறு.

பக்கத்துக் கரிசலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிருஷ்ணவேணியும் வந்து எட்டிப் பார்த்தாள்.

சோலைச்சாமி வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"ரிப்பேருக்குத் தூக்கும்போது கயிறு அத்து விழுந்துட்டு. வேலையவிட்டுத் தூக்கிருவாவன்னு பயந்து, தண்ணி வத்திட்டுன்னு எழுதிக் குடுத்துட்டேன். நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு அப்படியே போயிட்டு."

"ஏழு மாச வயித்தோட பக்கத்தூர்ல இருந்து கொடம் சொமந்து வந்தேன்," என்றாள் கிருஷ்ணவேணி. "எதிர்க்க சைக்கிள்ல வருவீங்க. 'பாத்துப் போம்மா'ன்னுட்டுப் போவீங்களே அண்ணாச்சி."



ஷாஹினா தண்ணீரின் உப்பை அளக்கும் கருவியை இறக்கினாள்; கொஞ்சம் தண்ணீரைப் புட்டியிலும் எடுத்துக்கொண்டாள்.

"குடிக்கலாமாம்மா?" என்றாள் கிருஷ்ணவேணி.

"உப்பு கம்மிதான். லேப்ல பாத்துட்டுச் சொல்லுதேன்."

சாமான்களை ஏற்றும்போது சோலைச்சாமி ஜீப்பருகே வந்தார். "எல்லாத்தையும் எழுதுவீங்களா மேடம்?"

"கேமராவுல தெரிஞ்சத எழுதுவேன். மத்தத நீங்களே போய்ச் சொல்லுங்க."

மறுநாள் காலையில் அவரே ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னார். இரண்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

ஆய்வகத்திலிருந்து குடிக்கலாம் என்று முடிவு வந்தது. கொக்கி போட்டு மோட்டாரை வெளியே எடுத்தார்கள். ஷாஹினா மறுபடி வந்து மீதி ஆழத்தையும் அளந்தாள். முந்நூற்றுப் பத்தில் நீர் ஊறும் வெடிப்பு ஒன்றும் இருந்தது. புது மோட்டார் பொருத்தியதும் அரைமணி நேரம் கலங்கல் வந்து, பிறகு தெளிந்தது.

சோலைச்சாமி வேலைக்குத் திரும்பிவிட்டார். கிருஷ்ணவேணி அவரோடு பேசுவதில்லை.