இலக்கம் நான்கு, பீலிக்கரை வீதி

1

"எங்க வாசலுக்கு ஒரு விலாசம் வேணும்ங்க."

இந்தக் கதை பிறந்ததே இந்த ஒரு வரியிலிருந்துதான். வேறு மாதிரித் தொடங்கிப் பார்க்காமல் இல்லை.

மலைமுகட்டில் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலை வே— (அடித்தாயிற்று. பனி இறங்கட்டும், யார் வேண்டாமென்றது? இந்தக் கதையில் அதற்கு வேலை இல்லை.)

சுதர்ஷினி ஓர் ஏழைத் தொழிலாளியின் மக— (இதுவும் வேண்டாம். வாசித்தாளென்றால் என் கையை முறிப்பாள்.)

ஆகவே வரியோடே தொடங்குகிறேன். சொன்னவள் சுதர்ஷினி. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை அறைகளிலிருந்து முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். தோட்டத்தின் பெயரை எழுதமாட்டேன். எங்களை அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டது போதும். எதிரே இருந்தவர் தோட்டத்து மானேஜரான பெரிய தொரை. இடம், அவருடைய ஆபீஸ். ஆண்டு, 2003.

இதை மட்டும் வாய் திறந்து கேட்டுவிடாதே என்று அவளுடைய அப்பா சோலைமலை சொல்லியிருந்தார்.

"சம்பளம் கேளு, தண்ணி கேளு, கூரைக்குத் தகரம் கேளு. வாசல் எங்களதுங்குற மாதிரி மட்டும் ஒரு வார்த்த பேசிராத. அம்மா பேர வெட்டிருவாங்க."

பேர் வெட்டினால் வேலை போகும். வேலை போனால் லயத்துக் காம்பராவும் போகும். அப்பா வேலையிலிருந்து நின்றுவிட்டார். அம்மா நாகலெட்சுமி கொழுந்து பறிப்பதால்தான் அந்த ஒற்றை அறை அவர்களிடம் இருக்கிறது. போனால் அதுதான் போகும். வாசகரிடம் ஒளிக்க ஒன்றுமில்லை.

தொரை என்ன சொன்னார் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் தொப்பி.

2

சிவனொளிபாத மலை ஏறுகிறவர்கள் காது விறைக்காமலிருக்கப் போட்டுக்கொள்ளும் கம்பளித் தொப்பி. நாகலெட்சுமியும் பக்கத்துக் காம்பராக்காரிகள் அம்மாக்கண்ணுவும் மீனம்மாவும் வேலை விட்டு வந்து பின்னுவார்கள். சுதர்ஷினி மஸ்கெலியா பஸ் நிலையத்தில் வைத்து விற்பாள். சீசன் முடிந்தால் வியாபாரமும் முடிந்தது. ஆனால் மலைக்கு ஆள் வராத மாதங்களில் உலகத்தில் வேறெங்காவது குளிரத்தானே செய்யும்? பஸ்ஸில் நின்றுகொண்டு வீட்டுக்கு வரும்போதுதான் இந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. அடுத்த தரிப்பில் குதித்து இறங்கி, எதிரே வந்த ஹற்றன் பஸ்ஸை மறித்து ஏறினாள். (கண்டக்டர் திட்டியதை ஒரு பந்தி எழுதியிருந்தேன். நன்றாகத்தான் திட்டினார். கதை நீள்கிறதென்று எடுத்துவிட்டேன்.)

ஹற்றனில் இன்டர்நெட் கடை வைத்திருந்தவன் சிவரூபன். படிப்பிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவரின் மகன். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. கதையில் ஓர் இளைஞன் பொறுமையாக உதவி செய்தால் வாசகர் கல்யாணத்துக்குத் தயாராகிவிடுகிறார். தயவுசெய்து உட்காருங்கள். கல்யாணம் கிடையாது. வெப்சைட் மட்டும்தான்.

"முகப்பு, எங்களைப் பற்றி, தொப்பிகள், தொடர்புக்கு. நாலு பக்கம் காணும்," என்றான் அவன். "எங்களைப் பற்றி எண்ட பக்கத்துக்கு, அம்மா கொழுந்துக் கூடையோட சிரிக்கிற படமொண்டு எடுத்துக்கொண்டு வாங்கோ. வெளிநாட்டுச் சனத்துக்கு அது நல்ல விருப்பம்."

நாகலெட்சுமியிடம் இதைச் சொன்னபோது அவள் பின்னல் ஊசியை நிறுத்தவில்லை. "கூடைக் கயித்தத் தலையில மாட்டுனா தொப்பிய எங்கடி மாட்டுறது? அந்தத் தம்பி தொப்பி விக்கிறாரா, கூடை விக்கிறாரா?"

படத்தில் மூன்று பெண்களும் தொப்பி போட்டுக்கொண்டு, சிரிக்காமல், பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள். இணையத்தில் அதைவிட நல்ல படம் நான் கண்டதில்லை.

3

நான்காம் பக்கத்தில், அந்தத் 'தொடர்புக்கு'வில், வேலை மாட்டிக்கொண்டது.

"விலாசத்தைச் சொல்லுங்கோ," என்றான் சிவரூபன், விரலைத் தட்டச்சுப் பலகையில் வைத்துக்கொண்டு.

அவள் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள்.

"சரி. வீட்டு இலக்கம்?"

"இல்லைங்க."

"வீதி?"

"ரோட்டுக்குப் பேரு கெடையாது."

"அப்ப கடிதம் எப்பிடி வாறது?"

"ஆபீஸுக்கு வரும். காலையில வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆளுங்க கூடுறப்போ பேரு கூப்புட்டுக் குடுப்பாங்க. கிளாக்கரு படிச்சு முடிச்சிருந்தா."

அவன் சிரிக்கவில்லை. அவளும் பகிடிக்குச் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதம் அவள் கைக்கு வருமுன் லயத்தில் மூன்று பேர் அவளை வாழ்த்தியாயிற்று.*

"விலாசமில்லாத கடையில சனம் சாமான் வாங்காது. அளவு காணாட்டித் திருப்பி எங்க அனுப்புறது?" என்றான். பிறகு, "என்ர கடை விலாசத்தைப் போடுங்கோவன். எனக்கொரு பிரச்சினையுமில்லை."

கதை இங்கேயே சுகமாக முடிந்திருக்கும். நல்ல மனத்தோடுதான் சொன்னான். அங்கேதான் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"இவ்வளவு நாளும் ஆபீஸ் மூலமா. இனிமே ஒங்க கடை மூலமா. எங்க வாசலுக்கு நேரா ஒண்ணுமே வராதாங்க?"

"நான் நல்லதுக்குத்தான் சொன்னனான்."

"தெரியும்ங்க. அதான் இன்னும் கோவமா வருது."

* மூவரில் ஒருவர் எந்தப் பாடம் என்பதையும் சொன்னார்.

4

ஞாயிற்றுக்கிழமை பீலிக்கரை. மலையிலிருந்து வாய்க்காலாக வரும் தண்ணீர் குழாயில் கொட்டுகிற இடம். லயத்துக் குடங்கள் எல்லாம் அங்கேதான். இந்தப் பகுதியை எழுதும்போது என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

"ரோட்டுக்குப் பேரு வைக்கணும்," என்றாள் சுதர்ஷினி.

"எது, இதா?" மீனம்மா கேட்டாள். "மழை பேஞ்சா ஓடைடி இது."

"பேயாதப்போ ரோடுதானே."

"அப்ப என் பேர வைங்க. அம்மாக்கண்ணு வீதி," என்றாள் அம்மாக்கண்ணு.

"வச்சா உன் வாயாட்டம் நீண்டுகிட்டே போகும். லெட்டரு வந்து சேராது."

நாகலெட்சுமி நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "நிக்கிறது பீலிக்கரையில. பீலிக்கரை வீதி. இதுக்கு ஒரு பஞ்சாயத்தா?"

அதுவே நின்றது. லயத்தின் தொங்கல் முனையிலிருந்து வாசல்களை எண்ணிக்கொண்டு வந்தார்கள். நான்காவது நாகலெட்சுமியினுடையது.

"எனக்கு ஏழு," என்றாள் மீனம்மா.

"புடிச்ச நம்பர எடுக்க இது என்னா லொத்தரா? நீ அஞ்சு."

அடுப்புக்கரியால் கதவு கதவாக எழுதினார்கள். சத்தம் கேட்டுச் சோலைமலை வெளியே வந்தார். தம் கதவில் இருந்த நாலைப் பார்த்தார்.

"தொரை பாத்தா?"

"பாக்கட்டும்," என்றாள் நாகலெட்சுமி. "வந்தா நாலாம் நம்பரு எதுன்னு கேட்டுத்தானே வரணும்."

"வெளையாடாத புள்ள. பேரு போயிரும்."

"பேரு என்னோடதுங்க. வெட்டுனா என்னதத்தானே வெட்டுவாங்க." மகளைப் பார்த்தாள். "அந்தத் தம்பிக்கிட்டச் சொல்லு. நாலாம் பக்கத்துலயும் இதையே எழுதச் சொல்லு."

(இங்கே அவர் கண் கலங்கியது என்று ஒரு வரி எழுதி— இல்லை. கலங்கவில்லை. பயந்தார். கரியைத் துடைக்காமல் உள்ளே போனார். அதற்குமேல் அவரிடம் நான் கேட்கமாட்டேன்.)

5

இனி ஆபீஸ்.

"அட்ரஸ் இருக்குதானே? தோட்டம் பேரு போடு," என்றார் தொரை. தொரைமார் கற்றுக்கொள்ளும் தமிழில் 'ங்க' இருப்பதில்லை. யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

"அது ஒங்க அட்ரஸுங்க. நான் எங்களோடதக் கேக்குறேன்."

தொரை பேனாவைக் கீழே வைத்தார். "லயம் தோட்டத்துச் சொந்தம். இன்னைக்கு நம்பர் கேக்குது. நாளைக்கு வீடு கேக்கும்."

"ஆமாங்க. கேப்போம்."

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

தொரை மனமிளகி எழுந்து கைகொடு— (எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

நாகலெட்சுமியின் பேர் வெட்டப்பட்டு, குடும்பம் மூட்டை முடிச்சோடு நடுரோட்டி— (எங்களை ரோட்டில் நிறுத்தி அழவைக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் மாட்டேன்.)

நடந்தது இவ்வளவுதான்.

"அந்த நம்பருக்கு லெட்டர் வந்தா, நான் திருப்பி அனுப்பச் சொல்லுவேன்," என்றார் தொரை.

"வரட்டும்ங்க. வந்தாத்தானே திருப்பி அனுப்புவீங்க."

"நான் பெர்மிஷன் குடுக்கல்ல. விளங்குதா?"

"விளங்குதுங்க."

அவருக்கு விளங்காத ஒன்று இருந்தது. அவள் ஹற்றனிலிருந்து நேரே வந்திருந்தாள். சிவரூபன் நான்காம் பக்கத்தை ஏற்றி, "இனி முழு உலகத்துக்கும் தெரியும்," என்று சொன்ன பிறகுதான் பஸ் ஏறினாள். கேட்கவேயில்லையே என்று பின்னால் ஒருவரும் சொல்லக்கூடாது, அதற்காகத்தான் கேட்டாள்.

முதல் கடிதம் வந்ததா, ஆபீஸ் அதைத் திருப்பியதா, நாகலெட்சுமியின் பேர் நின்றதா? நான் சொல்லப்போவதில்லை. எழுத வேண்டிய ஆள் இனி நான் இல்லை, நீங்கள். பீலிக்கரைத் தொப்பி, இலக்கம் 4, பீலிக்கரை வீதி, மஸ்கெலியா. தலையின் சுற்றளவைக் குறிப்பிட மறக்க வேண்டாம்.

தொரை இன்னும் பேசிக்கொண்டிருந்தார். சுதர்ஷினி பையைத் தோளில் மாட்டினாள். வரும்போது வெளியே கழற்றி வைக்கச் சொன்ன செருப்பை அவள் கழற்றியிருக்கவில்லை. அதே செருப்போடு, சத்தம் கேட்க, வெளியே நடந்தாள்.