முளைக்காத தட்டு

நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகியும் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. வண்டிப் பந்தயத்தில் ஓடும் சீமாட்டி என்கிற குதிரையின் மூச்சுக்குழாயில் மெல்லிய குழாயை விட்டு எடுத்த சளி அது. கடலூர் கால்நடை மருத்துவர் மேரி ஷாலினி, நெல்லிக்குப்பத்துக் குதிரைக் கொட்டகையிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஐஸ் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு சிதம்பரம் ஆய்வகத்தில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். நுண்ணோக்கியில் கிருமிகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. சீழ் அணுக்களும் நிறைய. வளர்க்க வைத்த தட்டில் மட்டும் ஒன்றுமில்லை. எந்த மருந்துக்கு அடங்கும் கிருமி என்று இனி எதை வைத்துச் சொல்வது?

பெரும்பாலும் இதற்கு ஒரே காரணம்தான். சளி எடுப்பதற்கு முன்பே யாரோ கிருமிக்கொல்லி ஊசி போட்டிருக்க வேண்டும். குதிரைக்காரர் தேவநாதனிடம் இரண்டு தடவை கேட்டாயிற்று. இரண்டு தடவையும் இல்லை என்றுவிட்டார்.

மறுநாள் காலை கொட்டகையில் மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"என்னா டாக்டரம்மா, போலீஸ்காரங்க மாதிரி கேட்டதையே கேக்குறீங்க?" தேவநாதன் சிரித்தார். "வெறும் தூசி இருமல். ஞாயித்துக்கெழம புவனகிரியில பந்தயம். நல்ல மருந்தா ஒண்ணு எழுதுங்க."

வண்டி ஓட்டும் அன்பரசு சக்கரத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான். "மாமா போயி ஊசி போடுவாரா டாக்டர்? ஊசி போட்ட குதிரைய பத்து நாளு பந்தயத்துல வுடக்கூடாதுன்னு எங்க குழுவுல கட்டுப்பாடு. அத கொண்டாந்ததே அவருதான்!"

தேவநாதனின் சிரிப்பு பாதியில் நின்றது.

மேரி ஷாலினிக்குக் கோபம் வந்தது. உரக்கப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. பையை மூடினாள்.

"குருட்டாம்போக்குல ஊசி போட மாட்டேன் அண்ணே. ஏற்கெனவே போட்டுக் கேக்காத மருந்தையே நானும் போட்டா நாளுதான் வீணாவும். அதுக்குள்ள நுரையீரல் கெட்டுடும். அப்புறம் பந்தயம் என்னா, உசுரே நிக்காது."

சீமாட்டி தலையைத் தாழ்த்தி இருமியது. இருமி முடித்த பிறகும் விலா ஒட்டி ஒட்டி விரிந்தது. மூக்கிலிருந்து மஞ்சள் சளி, தொடாமல் கிடந்த புல்லின் மேல் ஒழுகியது.

அவள் படலைத் தள்ளித் திறந்தாள்.

"அம்மா, நில்லுங்க." தேவநாதன் அன்பரசுவின் பக்கம் திரும்பவே இல்லை. "மூணு நாளு நான்தான் போட்டேன். மாட்டுக்கு மடிநோய்னு வாங்குன ஊசி, மிச்சம் கெடந்துச்சு."