கடல் மீனுக்கு உப்பில்லாத் தண்ணீர்

கடலில் பிறந்த மீனுக்கு உப்பில்லாத் தண்ணீர் எதற்கு? இந்தக் கேள்வி றம்லாவின் தலைக்குள் புகுந்து கனநாளாகிவிட்டது. கேட்டால் அவள் புருஷன் முனாப் விளக்கம் சொல்வான். அவன் சொல்லும்போது எல்லாம் விளங்குவதுபோலத்தான் இருக்கும். அடுப்படிக்குப் போய் உலையை வைத்துவிட்டுத் திரும்பினால் விளங்கினது எல்லாம் போய்விடும்.

முனாப் டோஹாவில் ஓர் அரபி வீட்டுச் சாரதி. கார் ஓட்டாத நேரத்தில் அந்த வீட்டுக் கூடத்திலிருந்த பெரிய கண்ணாடித் தொட்டியைக் கழுவிக் கழுவி, கடல் மீன் வளர்க்கும் வித்தையைப் படித்துக்கொண்டான். காத்தான்குடியில் மற்றவள்மாரின் புருஷன்மார் லீவில் வரும்போது போர்வையும் ரேடியோவும் கொண்டுவருவார்கள். இவன் என்ன கொண்டுவந்தான்? உப்புப் பக்கெட்! கூப்பிடு தூரத்தில் கடல் கிடக்க, விமானத்தில் ஏறி வந்த உப்பு. பக்கத்து வீட்டு ஸாலிஹா மூக்கில் விரல் வைத்தாள்.

வைக்கட்டும். றம்லாவுக்கு அந்தத் தொட்டிதான் உயிர். வரி போட்ட செம்மஞ்சள் மீன்களை அதற்குள் விட்ட அன்றே முனாப் சொல்லியிருந்தான்: "இதுகள் குஞ்சு பொரிச்சு வளந்திட்டெண்டா கொழும்புக் கொம்பனிக்காரன் வீட்ட வந்து எடுப்பான் புள்ள. பிறகு நான் ஏன் திரும்பிப் போறன்?" அந்தக் கடைசி வார்த்தையை அவள் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள். சண்டை நடக்கிற ஊரில், ஹெலிக்கொப்டர் தலைக்கு மேலே சுற்றும்போது ஆம்பிளை இல்லாத வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு குந்தியிருந்தவளுக்குத்தான் அந்த வார்த்தையின் அருமை தெரியும்.

தண்ணீர்தான் பிரச்சினை. கடற்கரையில் துவக்கோடு ஆமிக்காரன் நிற்கிறான், கடல் தண்ணீர் அள்ள முடியாது; பக்கெட் உப்பைக் கரைக்கவும் சுத்தமான தண்ணீர் வேண்டும். வாவித் தண்ணீருக்கு, கடலில் சேரும் முகத்துவாரத்தை வெட்டினால் ஒரு குணம், மூடினால் இன்னொரு குணம். கிணற்றுக்குள் சுகாதாரக்காரர் குளோரின் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மழையும் இல்லை, கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. முதலில் முனாப் பட்டணத்துக்குப் போய், கார் பற்றரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரைப் போத்தல் போத்தலாகச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். பற்றரி என்று வாயால் சொன்னாலே குண்டுக்கோ என்று சந்தேகப்படுகிற காலம் அது. பாலத்துக் காவல் சென்றியில் மறித்துவிட்டார்கள்.

"இது எந்த பெட்றிக்கு?" என்று சிப்பாய் அரைகுறைத் தமிழில் கேட்டான்.

"பற்றரிக்கு இல்ல சேர், மீனுக்கு."

"மீனுக்கு பெட்றி இருக்கா?"

அவன் கேட்டது இவனுக்கு விளங்கவில்லை, இவன் சொன்னது அவனுக்கு விளங்கவில்லை. வெயிலில் நிற்கவைத்து, பிறகு ஆளை விட்டார்கள். போத்தல்களை விடவில்லை.

"அதவிடச் செலவு குறைஞ்ச வழி ஒண்டிருக்கு," என்றான் முனாப். வீட்டுக்குப் பின்னால் கல்லடுப்பு மூட்டி, மூடிய பானையில் ஒரு குழாயைச் செருகி, குழாயின் மேல் ஈரச் சாக்கைச் சுற்றினான். ஆவி குளிர்ந்து, போத்தலுக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் வளவுக்குப் பின்னால் பானையும் குழாயும் வைத்து ஒருவன் காய்ச்சினால் அது கள்ளச் சாராயம்தான் என்று இந்த நாட்டில் யாருக்குத்தான் தெரியாது? ஸாலிஹா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அஸர் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் பெரியவர் அப்துல் மஜீத் ஹாஜியார் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"முனாப், அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்லு. கசிப்பா காய்ச்சிறாய்?"

"தண்ணி, ஹாஜியார்."

"பிடிபட்டவன் எல்லாரும் அப்பிடித்தான் சொல்ற."

ஹாஜியார் போத்தலை மோந்து பார்த்தார். மணமில்லை. கடைசியில் பிஸ்மி சொல்லி ஒரு மிடறு குடித்தார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"தண்ணிதான்," என்றார். "ஆனா தண்ணியிட ருசியும் இல்லையே! இத என்னத்துக்கு மனே காய்ச்சிற?"

"கடல் மீனுக்கு."

ஹாஜியார் பானையைப் பார்த்தார். உள்ளே போய்த் தொட்டியையும் பார்த்தார். "இதுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சினாலும் நன்மை கிடைக்கும்," என்று சொல்லிவிட்டு, வந்ததைவிடக் கூடுதலாகக் குழம்பிப் போனார்.

அவர் போனதும் றம்லாவும் அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள். சப்பென்று இருந்தது. யா அல்லாஹ், இதையா அந்த வாயில்லாச் சீவன்களுக்கு ஊற்றுகிறார்? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று மனிசருக்கே சொல்லியிருக்க, கடல் மீனுக்கு இது அடுக்குமா?

"காத்துக்கும் சூட்டுக்கும் தண்ணிதான் ஆவியாப் போற, உப்பு தொட்டிக்குள்ளயே கிடக்கு," என்று முனாப் கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்குப் போட்டிருந்த கோட்டைக் காட்டினான். "அதால குறையிற அளவுக்கு வெறுந்தண்ணி ஊத்தினாக் காணும்."

"ஓம்," என்றாள் றம்லா. அவள் எப்போதும் ஓம்தான் சொன்னாள். அவன் பள்ளிக்குப் போனதும் உப்புச் சட்டியிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளித் தொட்டியில் போட்டாள். மறுநாளும் போட்டாள். பிள்ளைக்குச் சோறு தீத்துகிற மனசோடுதான் போட்டாள்.

மீன்கள் தீனியை விட்டன. பிறகு அடியில் போய்க் கிடந்தன. ஒரு காலை ஒன்று மிதந்தது. முனாப் தலையைப் பிய்த்துக்கொண்டான். தான் காய்ச்சுகிற தண்ணீரில்தான் அழுக்கு என்று நினைத்து, பானையைத் தேய்த்துக் கழுவி மறுபடி காய்ச்சினான். அவன் வெறுந்தண்ணீரை ஊற்ற ஊற்ற றம்லாவுக்குப் பயம் கூடியது. அவள் உப்பைக் கூட்டினாள். இரண்டு பேரும் ஒரே மீனைக் காப்பாற்றத்தான் பாடுபட்டார்கள்.

கடைசி மீனும் மிதந்த அன்று முனாப் தொட்டிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தான். தூவென்று துப்பினான்.

"இதென்ன புள்ள, இப்பிடிக் கரிக்கு?"

"நான்தான் போட்டன்," என்றாள் றம்லா. "நீங்க வெறுந்தண்ணியா ஊத்தினீங்க... கடல் மீன்தானே... சாகாம இருக்கட்டும் எண்டுதான்..."

அவன் ஏசுவான் என்று நின்றாள். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "ஆணம் வத்தினா உப்புக் கூடுமா, குறையுமா?" என்று மட்டும் கேட்டான்.

அல்லாஹ்வே! அடுப்பில் வற்றிப்போன ஆணத்துக்கு, குழம்புக்கு, தண்ணீர் விட்டு உப்பைச் சரிக்கட்டுவது அவள் தினமும் செய்கிற வேலை. அந்தக் கை எப்படித் தொட்டிக்கு உப்பை அள்ளியது? அகப்பை பிடிக்கத் தெரிந்தவளுக்கு இது ஏன் தெரியாமல் போனது? எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

கேள்விப்பட்டு ஹாஜியார் அன்று பின்னேரம் வந்தார். வேலிக்கு அப்பால் ஸாலிஹாவின் தலையும் தெரிந்தது. "மீன் என்னத்தில மனே செத்த?" என்று கேட்டார். றம்லா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"என்ட பிழைதான் ஹாஜியார்," என்றான் முனாப், வேலிக்கும் கேட்கும்படியாக. "நான் காய்ச்சின தண்ணி சரியில்ல."

"நான் அண்டைக்கே சொன்னன், அதில ருசியில்ல எண்டு," என்று திருப்தியோடு எழும்பிப் போனார் அவர்.

றம்லா வெளியே வந்தாள். "நீங்க செய்யாத பிழைய ஏன் தலையில போட்டுக்கிட்டீங்க?"

முனாப் தொட்டியின் தண்ணீரை வாளியில் மொண்டுகொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்த ஊர்ப் பேச்சக் கேட்டுக்கிட்டு இஞ்ச இருக்கப் போறது நீதானே புள்ள."

அவன் டோஹாவுக்குத் திரும்பிப் போகிறான் என்பது மட்டும் அவளுக்கு எந்தக் குழப்பமும் இல்லாமல் விளங்கியது. றம்லா நிலத்தில் குந்தி வாய்விட்டு அழுதாள்.